பொற்கோயிலில் பிரசாதம் ஏற்கும் முறை

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு நான்கு திசைகளிலும் வாயில்கள் உண்டு. எச்சமயத்தவரும் உள்ளே செல்லலாம். மேல்துண்டை இடுப்பில் கட்டி இறைவன் முன் நிற்பது நம் வழக்கம். அங்கோ, ஆடவரும் பெண்டிரும் தலையைத் துணியால் மூடி, பாதங்களை நீரில் நனைத்தே படியிறங்க வேண்டும்.

உள்ளே விக்கிரகம் இல்லை. குரு கிரந்த சாகிப் என்னும் திருநூலே குருவாக வீற்றிருக்கிறது. அதன் மூலவடிவை 1604-ஆம் ஆண்டு குரு அர்ஜன் தேவர் அங்கு எழுந்தருளச் செய்தார். பண்டரிபுரத்து விட்டலனின் அடியவரான நாமதேவரின் பாடல்களும் அதில் உள்ளன. தீபாராதனையை எதிர்பார்த்து நின்று, காணாமல் உடனே திரும்பிவிடுவது பெரும் இழப்பு. கீர்த்தனம் கேட்பதே அங்கு வழிபாடு. இடம் கிடைக்குமிடத்தில் சற்றேனும் அமர வேண்டும். திருநூலை நோக்கிக் கால் நீட்டலாகாது. மூட்டுவலியுள்ள பெரியோர் இதில் கவனமாயிருத்தல் நன்று.

வெளியே வருகையில் கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவில் சேர்த்துக் கிண்டிய பிரசாதம் தருவார்கள். வேற்றுச் சமயத்தார் பிரசாதமாயிற்றே என்று சிலர் தயங்கி ஒதுங்குவதுண்டு. அது கொடுப்பவர் மனத்தைப் புண்படுத்தும். நீரிழிவு உடையோர் சிறிதளவு கேட்டுப் பெறலாம். வலக்கையை மட்டும் நீட்டாமல் இருகைகளையும் குவித்து ஏந்துவதே முறை. லங்கர் பந்தியில் ரொட்டி வாங்குவதும் அவ்வாறே.