மாடு மனசு வைக்கவேணும்

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேணும் என்று ஒரு பழமொழி உண்டு. பட்டணத்தில் இதை மேலதிகாரியைச் சரிக்கட்டும் வித்தைக்குத்தான் சொல்கிறார்கள். பாவம், மாட்டை மறந்துவிட்டார்கள். பழமொழி உண்மையில் மாட்டைப் பற்றியதுதான் என்பதும், அதில் ஒரு சொல்கூட மிகை இல்லை என்பதும், மடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே, மழையை நம்பிய மேட்டுப் பூமி. கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்த மாடுகள் எங்களுடையவை. காங்கேயம் மாடு உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது, பாலுக்கு அல்ல. வேளைக்கு ஒன்றரை லிட்டர் கொடுத்தால் கெட்டிக்கார மாடு. கன்று பிறக்கும்போது செக்கச்செவேல் என்றிருக்கும். மூன்று நான்கு மாதத்தில் அந்தச் சிவப்பு கரைந்து சாம்பல் நிறம் ஏறும். நாலு பசுக்களின் பாலைத் தயிராக்கிக் கடைந்து, வெண்ணெயை வாரச் சந்தைக்கு அனுப்புவோம். காட்டு வெள்ளாமை அப்பாவுடையது. வெண்ணெய்க் காசு அப்பத்தாவின் சுருக்குப் பைக்குப் போகும். அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

எனக்குப் பால் பீச்சக் கற்றுக்கொடுத்தவள் அப்பத்தாதான். விடியுமுன்னே கன்றை அவிழ்த்து விடுவாள். அது ஓடிவந்து மடியை முட்டி முட்டி ஊட்டும். சற்று நேரத்தில் காம்புகள் புடைக்கும். கன்றின் கடைவாயில் நுரை தள்ளும். அதுதான் அடையாளம். உடனே கன்றைப் பிரித்துத் தாயின் முகத்தருகே கட்டவேண்டும். தாய் அதை நக்கிக்கொண்டிருக்க, விரலில் துளி விளக்கெண்ணெய் தொட்டு, முழங்கால்களுக்கு நடுவே பித்தளைச் சொம்பை இடுக்கி நாம் கறக்கவேண்டும். முதல் பீச்சல் வெறும் சொம்பில் கிணீரென்று விழும். நுரை ஏற ஏறச் சத்தம் அடங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டே சொம்பு எவ்வளவு நிறைந்தது என்று சொல்லிவிடலாம்.

"மூணு காம்பு நமக்கு, ஒண்ணு கன்னுக்கு. கடைசிப் பாலைத் தொடாதே கண்ணு" என்பாள்.

இதெல்லாம் வெறும் பாட்டி சாஸ்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். மடியில் பால் குடத்தில் தண்ணீர் மாதிரி தேங்கிக் கிடப்பதில்லை. பெரும்பகுதி நுண்ணிய அறைகளில் அடைபட்டிருக்கிறது. கன்றின் வாயோ பழகிய கையோ பட்டதும் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற நீர் ரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. அப்புறந்தான் பால் இறங்கும். சில நிமிஷங்களில் அந்த வேகம் அடங்கிவிடும். 1941-ல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். பசுவை மிரட்ட அவர்கள் கண்ட உபாயம் விசித்திரமானது: அதன் முதுகில் ஒரு பூனையை வைத்து, பக்கத்தில் காகிதப் பைகளை ஊதி வெடித்தார்கள்! பசு பாலை அடக்கிக்கொண்டது. இந்த ஆக்சிடோசினை 1953-ல் ரசாயன முறையில் செய்துகாட்டிய வின்சென்ட் டு வின்யோவுக்கு 1955-ல் நோபல் பரிசு கிடைத்தது. கடைசியில் இறங்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம் என்பதும் ஆராய்ச்சியில் கண்ட உண்மை. அப்பத்தா கன்றுக்கு ஒதுக்கியது மிச்சத்தை அல்ல, மேலானதை.

1964-ஆம் வருஷம் கோடையில், ஈன்று ஒரு மாதம்கூட ஆகாத கன்று ஒன்று கழிச்சல் கண்டு இறந்தது. மறுநாள் காலை தாய்ப் பசு கால்களை அகட்டி நின்று, வாசலையே பார்த்தது. சொம்பில் ஓர் உழக்குப் பால்கூட விழவில்லை. இருந்த நாலு மாட்டில் அப்போது கறவையாக இருந்தது அது ஒன்றுதான். அக்காள் தாராபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விடுதிப் பணம் வெண்ணெய்க் காசிலிருந்துதான் போகவேண்டும்.

இதற்கு ஊரறிந்த வழி ஒன்று உண்டு. செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்துத் தாயின் முன்னால் நிறுத்துவார்கள். தாய் நக்கும், நக்கியபடியே சுரக்கும். சென்னையில் பால்காரர்கள் இந்தப் பொம்மையைத் தோளில் சுமந்து வீடு வீடாகப் போனதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்பாவும் அதைத்தான் சொன்னார்.

"பெரிய புள்ளைக்குப் பணம் கட்டோணும். தோல் கன்னு வெச்சாத்தானுங்கம்மா ஆகும்."

"பெத்தவ நக்கினா அது திரும்பிப் பாக்கோணும் சாமி."

"மாட்டுக்கு என்னங்கம்மா தெரியப்போகுது?"

"மாட்டுக்குத் தெரியாட்டிப் போகுது. நமக்குத் தெரியுதல்லோ?"

கன்றைத் தோலோடு காட்டில் புதைத்தார்கள். பிறகு அப்பத்தா காலையும் மாலையும் அந்தப் பசுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பருத்திக்கொட்டையை ஆட்டி வைத்தாள், கழுத்தைத் தடவினாள், வெந்நீரில் மடியைக் கழுவினாள். இரண்டு முறை உதை வாங்கினாள். மூன்றாவது வாரம் பாதிச் சொம்பு வந்தது. அதற்கு மேல் வரவே இல்லை. வழக்கத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகவே மடியும் வற்றிப்போயிற்று. பெரிய பித்தளை அண்டா காங்கேயத்தில் அடகுக்குப் போனது. அக்காள் படிப்பு நிற்கவில்லை. தை மாதம் வட்டியோடு அண்டாவை மீட்டோம். வரவு செலவுக் கணக்குப் பார்த்தால் அப்பா சொன்னதுதான் சரி.

இன்றைக்கு ஜெர்சிக் கலப்பினப் பசுக்களுக்குக் கன்று முகம் தேவைப்படுவதில்லை. 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சியின் புண்ணியத்தில் பட்டணத்துக் குழந்தைக்கு விடியற்காலையில் பால் கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் யந்திரத்தால் கறக்கிறவர்களும் முதலில் மடியைக் கழுவித் துடைத்து ஒரு நிமிஷம் காத்திருக்கத்தான் செய்கிறார்கள். யந்திரத்துக்கும் மாடு மனசு வைக்கவேண்டியிருக்கிறது. காத்திருக்கப் பொறுமை இல்லாத சிலர் அதே ஆக்சிடோசினை ஊசியில் ஏற்றிக் குத்துகிறார்கள். பால் பெருக்குவதற்காக மாட்டின் உடம்பைக் கெடுக்கும் ஊசி போடுவது 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடைச் சட்டப்படி குற்றம். அப்பத்தாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. பிறர் சம்மதத்தில் கிடைக்கும் பொருளைத் தந்திரத்தால் வாங்கக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

அந்தப் பசு மறுபடி ஈன்றபோது அப்பத்தாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. அப்பாவே கறக்க உட்கார்ந்தார். மூன்று காம்பு முடிந்ததும் சொம்பை நகர்த்தி வைத்துவிட்டு, கன்றின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். திண்ணையிலிருந்து அப்பத்தா அதைப் பார்த்தாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.