பெண்கள் வார்டுக்கு யாரும் வர்றதில்ல

1/ சில மனநல மருத்துவமனைகள்ல வாசல்ல போலீஸ் காவல் இருக்கிற ஒரு வார்டு இருக்கும். கொலை, அடிதடி வழக்குல சிக்கின மனநோயாளிகளுக்கான வார்டு. அங்க சில வருஷம் வேலை பார்த்தேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யறதில்ல. அடிக்கிறதை விட அடி வாங்குறதுதான் அதிகம். நான் சொல்லப்போறது ரொம்பச் சின்ன ஒரு பகுதியைப் பத்தி மட்டும்.

3/ ஆண்கள் வார்டு நிரம்பி வழியும். பெண்கள் பக்கம் சில கட்டில்தான். மத்த நாடுகள்லயும் இப்படித்தான். இத்தனைக்கும் நோய் ரெண்டு பேருக்குமே வருது. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

4/ ஆண்களுக்கு நோய் சீக்கிரமே ஆரம்பிக்கும். பெரும்பாலும் 18-25 வயசுல. படிப்பு பாதியில நின்னிருக்கும், வேலை இருக்காது. குடி, கஞ்சா வேற சேர்ந்துடும். சண்டை தெருவுல நடக்கும், ஊரே பார்க்கும், போலீஸ் வரும்.

5/ பெண்களுக்கு சராசரியா சில வருஷம் தள்ளி வரும். 45 வயசுக்கு மேல, மாதவிடாய் நிற்கிற காலத்துல புதுசா ஆரம்பிக்கிறதும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஓரளவு பாதுகாப்பு தருதுங்கறது மருத்துவத்துல ஒரு முக்கியமான கருத்து.

6/ அதனால பல பெண்களுக்கு நோய் வரும்போது கல்யாணம் ஆகி குழந்தையும் இருக்கும். தானா பேசினா "சாமி வந்திருக்கு"ம்பாங்க. தூங்கலன்னா "வேலை ஜாஸ்தி"ம்பாங்க. சமையல் நடக்கிற வரைக்கும் யாருக்கும் சந்தேகம் வராது. அபூர்வமா ஏதாவது விபரீதம் நடந்தா, அது வீட்டுக்குள்ளேயே நடக்கும். பாதிக்கப்படுறவங்களும் வீட்டு ஆளாவே இருப்பாங்க. சில நேரம் பெத்த பிள்ளை.

7/ ஒருத்தங்களைப் பத்திச் சொல்றேன் (அடையாளங்களை மாத்திட்டேன்). பிள்ளையை யாரோ சித்திரவதை செய்யப் போறாங்கன்னு ஒரு குரல் சொல்லிட்டே இருந்திருக்கு. காப்பாத்துறதா நினைச்சுத்தான் அதைச் செஞ்சாங்க. மருந்து வேலை செஞ்சு குரல் நின்னப்போ எங்களுக்கு வெற்றி. அவங்களுக்கு அன்னிக்குத்தான் பிள்ளை செத்துச்சு.

8/ அப்புறம் மாத்திரையைத் துப்ப ஆரம்பிச்சாங்க. "ஒத்துழைப்பு இல்லை"ன்னு கேஸ் ஷீட்ல எழுதிட்டுப் போயிட்டேன். நர்ஸ்தான் ஒருநாள் சொன்னாங்க: "சார், அவங்களுக்கு மாசக்கணக்கா பீரியட்ஸ் வரல. உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படுறாங்க."

9/ ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்துகள் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டும். மாதவிடாய் நிற்கலாம், மார்புல பால்கூட சுரக்கலாம். பிள்ளையை இழந்த ஒரு தாய்க்கு அது எப்படி இருந்திருக்கும்? பாடத்துல படிச்சதுதான். நான் கேட்கவே இல்ல. மருந்தை மாத்தினோம். அதுக்கப்புறம் துப்பல.

10/ இப்ப சட்டம். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 22 (பழைய இந்திய தண்டனைச் சட்டம் 84): மனநிலை பாதிப்பால, தான் என்ன செய்யறோம்னோ அது தப்புன்னோ புரியாத நிலையில செஞ்சது குற்றமாகாது. ஆனா விடுதலை ஆனதும் நேரா வீட்டுக்குப் போயிட முடியாது. கோர்ட் பாதுகாப்பான காவல்ல வைக்கச் சொல்லலாம். இல்லன்னா, உறவினரோ நண்பரோ மனு போட்டு, ஜாமீன் பொறுப்பு ஏத்துக்கிட்டா அவங்ககூட அனுப்பலாம்.

11/ சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா நான் பார்த்த வரைக்கும், ஆண்கள் வார்டுக்கு ஒரு அம்மாவோ மனைவியோ தூக்குவாளியோட பஸ் ஏறி வந்துடுவாங்க. பெண்கள் வார்டுல புருஷன் வேற கல்யாணம் பண்ணியிருப்பார். பிறந்த வீட்டுக்குப் போன் போட்டா, "தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம் டாக்டர், இங்க அனுப்பிடாதீங்க." அவங்களையும் திட்ட முடியல. ஊர் வாய் அப்படி.

12/ உங்க வீட்டுல ஒரு பொண்ணு, முக்கியமா பிரசவத்துக்கு அப்புறமோ 45 வயசை ஒட்டியோ, தூக்கமில்லாம, எல்லாரையும் சந்தேகப்பட்டு, இல்லாத குரலுக்குப் பதில் சொன்னா கோயில், மந்திரிப்புன்னு நாளைக் கடத்தாதீங்க. கைக்குழந்தையோட தனியா விடாதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு. டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், இலவசம், தமிழ்லயே பேசலாம்.

13/ நான் மாற்றலாகி வந்தப்போ அந்த அம்மாவுக்கு நோய் கட்டுக்குள்ள வந்து நாலு வருஷம் ஆகியிருந்துச்சு. பார்வையாளர் நேரத்துல நல்ல புடவை கட்டி, தலை சீவி ஜன்னல் பக்கம் உட்காருவாங்க. கையெழுத்துப் போட ஒரு ஆள் வந்தா போதும். வரல.