வேதப் படிப்புக்குப் போன பிள்ளைகள்

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பிள்ளை கிறிஸ்தவக் கல்லூரிக்கோ சபை நடத்தும் விடுதிக்கோ புறப்பட்டால் இரண்டு விதமான பயம் கிளம்பும். மாரியம்மனைக் கும்பிடும் வீட்டில், "வேதத்துல சேர்த்துப்புடுவாங்களோ" என்பார்கள். வேதக்கார வீட்டிலோ, "படிச்சிட்டு வந்தா ஜெபத்துக்கு வருமா இந்தப் புள்ள?" என்பார்கள். எட்டியாந்தோட்டை, தெரணியகலை ரப்பர் மலைகளிலும் பலாங்கொடை, இறக்குவானைத் தேயிலை மலைகளிலும் இரண்டையும் கேட்டிருக்கிறேன். முதல் பயம் பெரும்பாலும் பலிப்பதில்லை. எனக்குக் கவலை தருவது இரண்டாவதுதான்.

அது இன்று நேற்று வந்த பயமும் அல்ல. 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. டானியல் பூவர் அதிபராக இருந்தார். வேதத்தோடு கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம் எல்லாம் நடந்தன. படிக்கும்போது சபையில் சேர்ந்தவர்களில் பலர், படித்து முடித்து உத்தியோகம் கிடைத்ததும் திருநீற்றுக்குத் திரும்பினார்கள். 1855இல் செமினரி மூடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். உபதேசிமார் வருவார்கள் என்று செலவழித்த இடத்தில் அரசாங்க உத்தியோகத்தர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். பிற்பாடு சைவரானார். 1887இல் கலித்தொகையை அச்சேற்றித் தமிழுக்குக் கொடுத்த அவர், மிஷன் கணக்கில் கைவிட்டுப் போனவர். ஆனால் அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவரானார். பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரோடு பெங்களூரில் இறையியல் கற்பித்தார். பிலிப்ஸ் என்ற மிஷனரியோடு சேர்ந்து 1921இல் சைவ அடியார்களின் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தகப்பன் விட்டு வந்த சபைக்கு மகன் போனார். போகும்போது தகப்பனுடைய தேவாரத்தையும் திருவாசகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டே போனார். 1855இல் கணக்கை முடித்தவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும்? இருபது வயதுப் பிள்ளையின் விசுவாசத்துக்கு அந்த வருஷமே ஐந்தொகை போடுகிறவர்கள் எல்லாரும் அதே அவசரத்தில் இருக்கிறார்கள்.

தோட்டத்துக்கு வேதம் வந்த வழி வேறு. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலி உபதேசிமாரைக் கொண்டு லயம் லயமாகப் போனது. எங்கள் ஆட்களுக்கு அது முதலில் பாட்டும் ஜெபமும்தான்; காய்ச்சல் வந்தால் தலையில் கை வைக்க ஒரு ஆள். அந்த விசுவாசத்தில் வளர்ந்த பிள்ளை வகுப்பில் போய் உட்கார்ந்து, ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனிதனும், இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பிறகு மிருகங்களும் வருவதைப் பார்க்கும்போது ஆடித்தான் போகும். அந்த ஆட்டம் கெட்டதல்ல. கேகாலையிலிருந்து கண்டி வீதியில் போனால் வரும் பிலிமத்தலாவையில், 1963இல் சபைகள் சேர்ந்து இலங்கை இறையியல் கல்லூரியைத் தொடங்கி, சிங்களத்திலும் தமிழிலும் படிக்க வழி செய்தன. சொந்தப் பாஷையில் கேள்வி கேட்கப் பழகியவர்களை அதற்குப் பிறகு வாயை மூடு என்று சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை, ரப்பர் தோட்டத்துக்காரி. தாய் விடிவதற்கு முன்பே பால் கத்தியோடும் வாளியோடும் மலையில் நிற்பவர். விடுமுறைக்கு வந்த பிள்ளையின் வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தேன். யோபுவின் பக்க ஓரமெல்லாம் பென்சிலில் போட்ட கேள்விக்குறிகள். சில இடங்களில் அழித்து, திரும்பவும் போட்டிருந்தாள்.

2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புலத்கொஹுபிட்டியவில் களுபான தோட்டத்து லயன் வீடுகளை மண் மூடியது. அடுத்த ஜெபக்கூட்டத்தில் பேசியவர், இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். அவள் எழும்பி, "யோபுவோட கூட்டாளிமாரும் இதத்தானே ஐயா சொன்னாங்க? கடைசியில கடவுள் கோபப்பட்டது அவங்க மேலதானே?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பிறகு மூப்பர் தாயிடம் வந்து, "தங்கச்சி, புள்ளைய ரொம்பப் படிக்க வச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போவதை விட்டாள். விசுவாசம் போய்விட்டது என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த நாட்களில் அவள் போய் வந்த இடம் இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பாடசாலை. திருநீறு பூசிய ஒரு பாட்டியின் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். பாட்டி கேட்டபோது ஜெபமும் பண்ணினாள். அது விசுவாசம் இல்லையென்றால் வேறு எதை விசுவாசம் என்பது?

கல்லூரியில் இருக்கும்வரை விடுதியில் இரவு முழுக்கப் பேசக் கூட்டாளிகள் உண்டு, சந்தேகத்தைக் கேட்டு முகம் சுளிக்காத ஓர் ஆசிரியராவது உண்டு. ஊர் திரும்பினால், அல்லது கொழும்பில் கடைக்கோ கார்மென்ட்ஸுக்கோ போனால், அந்த வட்டமே இல்லாமல் போகிறது. சிலர் கேள்வியே வேண்டாம் என்று சத்தமான சபைகளில் போய்ச் சேர்கிறார்கள். சிலர் அம்மன் திருவிழாவில் தேர் வடம் பிடிக்கிறார்கள். பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். இவர்களைக் கல்லூரி கெடுத்தது என்பதை நான் ஒப்பமாட்டேன். திரும்பி வந்த பிள்ளைக்கு நாம் ஒரு பேச்சுத்துணை கொடுக்கவில்லை. இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் சத்யோதயத்தைத் தொடங்கியபோது, மதமும் மொழியும் வேறான இளைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து தோட்டத்து ஜனங்களின் வாழ்வைப் பேச ஓர் இடம் கிடைத்தது. அப்படி ஒன்று இரத்தினபுரிப் பக்கத்திலும் கேகாலைப் பக்கத்திலும் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வேண்டும்.

அந்தத் தாய் சமீபத்தில் என்னிடம், "நீங்களாவது சொல்லி அவளைக் கூட்டத்துக்கு அனுப்புங்களேன் ஐயா" என்றார். ஜெபக்கூட்டத்தில் யோபுவின் நாற்பத்திரண்டு அதிகாரங்களையும் விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள், வாசிக்கிற வேலையை உங்கள் மகளிடம் கொடுக்கச் சொல்லுங்கள், வருவாள் என்றேன். பாஸ்டரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.