வீல்சேரில் வருபவரிடம் என்ன பேசலாம்?

கோயில் தொண்டூழியர்களாகிய எங்களிடமிருந்து ஒரு சின்ன வேண்டுகோள்.

ஸ்ட்ரோக் வந்து கை கால் விளங்காதவர்கள், செம்பனைத் தோட்டத்தில் விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வீல்சேரில் வருகிறார்கள். சாமியைப் பார்க்கும் முன்பே அவர்கள் காதில் விழுவது: "ஐயோ பாவம், இனி எங்க நடக்கப் போறாங்க." "எல்லாம் போன ஜென்மத்து கர்மா." "இந்த வயசுல எதுக்கு பிசியோ?"

பாசத்தில் சொல்வதுதான். ஆனால் பழைய பால்மரத் தொழிலாளி ஒரு பாட்டி, இதைக் கேட்டுக் கேட்டே இரண்டு மாதம் பிசியோவுக்குப் போகவில்லை. "நடக்காத காலுக்கு எதுக்குய்யா டாக்சி காசு?" என்று எங்களையே கேட்டார். விளங்காது என்று நம்பிவிட்ட கையை யாரும் அசைத்துப் பார்க்க மாட்டார்கள். அசைக்காத கை இறுகிப் போகும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை மறுபடியும் பழகும்.

சொல்லும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. 2002-இல் அமெரிக்காவில் ஸ்ட்ரோக் வந்தவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், கையின் அசைவைக் கவனிக்கச் சொன்னதைவிட, எடுக்க வேண்டிய பொருளைக் கவனிக்கச் சொன்னபோது கை வேகமாகப் போனது. எல்லாருக்கும் இது ஒரே மாதிரி பலிக்காது. யாருக்கு எது என்று பிசியோதான் சொல்ல வேண்டும். ஆனால் நமக்கு இது புதுசா என்ன? மாசி மகத்தில் செங் சன்னாசிமலைக்குக் காவடி எடுப்பவரிடம் "முழங்காலை மடக்கு" என்றா சொல்கிறோம்? "வேல் வேல்! அதோ கோயில் தெரியுது!" என்றுதானே.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள்.

"விழுந்துடுவீங்க, உக்காருங்க" வேண்டாம். "நாங்க பக்கத்துல நிக்கிறோம், கொடிமரம் வரைக்கும் வாங்க" என்று சொல்லி, உண்மையாகவே பக்கத்தில் நில்லுங்கள்.

வலது கை பாதித்தவருக்கு நாமே திருநீறு பூசிவிட வேண்டாம். தட்டை நீட்டிக் கொஞ்சம் பொறுங்கள். முடியாமல் இடது கையால் எடுத்தாலும் முகம் சுளிக்காதீர்கள்.

"அடுத்த தைப்பூசத்துக்கு ஓடுவீங்க பாருங்க" என்றும் சொல்ல வேண்டாம். அது நடக்காவிட்டால் மனசு ஒடிந்துவிடும். "போன வாரத்தைவிட ரெண்டு எட்டு கூட" என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

வேலையில் அடிபட்டவர்களுக்கு இன்னொரு தகவல். 2014-இல் திறந்த பெர்கேசோ துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் நம் மலாக்காவிலேயே, பெம்பானில் இருக்கிறது. சந்தா கட்டியவர்கள் தகுதி உண்டா என்று பெர்கேசோ அலுவலகத்தில் கேளுங்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் பூஜை முடிந்ததும் எங்களிடம் வாங்க, சேர்ந்து நிரப்பலாம்.

பாட்டி இப்போது பிசியோவுக்குப் போகிறார். வாக்கரைப் பிடித்துக் கொடிமரம் வரை வருகிறார். சன்னிதி வரை வருவாரா, அது அவர் காலும் முருகனும் முடிவு செய்வது. வழியில் நம் வாய் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!