கதையில கூடவா சாதி பார்ப்பீங்க, அக்கா?



ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் அறையில் ஒன்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் லைனில் நிற்பவர்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரி என்று ஆளுக்கொரு ஊர். வயது இருபதைச் சுற்றித்தான். பி.எஃப். பணம் எடுப்பது எப்படி என்று சொல்லித்தரத்தான் கூப்பிட்டிருந்தோம். அரை மணி நேரத்தில் பேச்சு கதைக்குப் போய்விட்டது. "அக்கா, இந்த ஆடியோ நாவல் கேட்டிருக்கீங்களா? செமயா இருக்கும்" என்று ஒரு தங்கச்சி போனை நடுவில் வைத்துப் போட்டுவிட்டாள்.

கேட்டோம். ஹீரோ பேசும்போது குரல் கம்பீரமாக, பாதி ஆங்கிலத்தில் வந்தது. ஹீரோயின் பேச்சு டிவி செய்தி வாசிப்பு மாதிரி சுத்தமாக இருந்தது. பிறகு ஹீரோ வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா வந்தார். சட்டென்று வாசிப்பவரின் குரல் மாறியது. மூக்கால், இழுத்து, "இன்னாம்மா" என்று. அறையே சிரித்தது. ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "எங்கம்மா இப்படித்தான் பேசும்" என்றாள். அவள் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர்.

நாங்கள் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மொழி, சாதி, வர்க்கம் என்று பத்து நிமிடம் வகுப்பு எடுத்தோம். கதை போட்ட தங்கச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. "கதையில கூடவா சாதி பார்ப்பீங்க, அக்கா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ரொமான்ஸ் நாவலைக் கேலி செய்வது சுலபம். 'அறிவுஜீவி' ஆவதற்கு அதுதான் முதல் படி என்று நம்முடைய படிப்பு வட்டங்களிலேயே பலர் நினைக்கிறார்கள். எங்களில் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அட்டை கிழிந்த 'ராணி முத்து', 'கண்மணி' இதழ்களில்தான். அவருடைய அம்மா வேலை செய்த வீட்டில் படித்து முடித்துத் தூக்கிப் போட்டவை அவை. 170 நாவல்களுக்கு மேல் எழுதிய ரமணிசந்திரனில் பாதியைப் பன்னிரண்டாம் வகுப்புக்குள் முடித்தவர், சமூகவியல் எம்.ஏ. சேர்ந்த பிறகு அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டார். அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்பதும் சாதி பற்றிய கேள்விதான்.

இன்றைக்குப் புத்தகம் கையில் இல்லை, காதில் இருக்கிறது. இந்தப் பகுதியில் பல கம்பெனிகளில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். எட்டு மணி நேரம் நின்று முடித்து, கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் முதலில் ஹெட்செட்தான். கண் எரியும், கால் வலிக்கும், படிக்க முடியாது. கேட்க முடியும். பிரதிலிபி போன்ற செயலிகளிலும் எழுத்தாளர்களின் சொந்தத் தளங்களிலும் தினமும் 'யூடி' வருகிறது. முடிந்த கதைகளை யூடியூபில் இலவசமாக முழுசாகக் கேட்கலாம். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது. ஒரே அறையில் பலர் படுக்கும் இடத்தில், ஹெட்செட் போட்ட பிறகுதான் ஒருத்திக்குத் தனி அறை கிடைக்கிறது. அந்த அறைக்குள் யார் வந்து பேசுகிறார்கள் என்பது நம் கவலையாக இருக்க வேண்டாமா?

அதனால் மூன்று மாதம் நாங்களும் கேட்டோம். அவர்கள் சொன்ன கதைகள், செயலி முன்னால் தள்ளிய கதைகள் எல்லாவற்றையும் கேட்டோம். எங்கள் கருத்து இது.

நல்லது நிறைய இருக்கிறது. விவாகரத்தான பெண்ணும், குழந்தையோடு தனியாக வாழும் பெண்ணும் இன்று ஹீரோயின் ஆகிறார்கள். அம்மா காலத்து நாவலில் அவர்கள் பக்கத்து வீட்டில் அழுதுகொண்டிருந்தார்கள். சம்பாதிக்கிற பெண், 'இல்லை' என்று சொல்கிற பெண் வருகிறார்கள். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு வேலைக்கு நடுவில், போனில் தட்டச்சு செய்தே ஐம்பது அத்தியாயம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறோம்.

'ஆன்டி ஹீரோ' கதைகள்தான் எங்களுக்குத் தொண்டையில் சிக்கின. கடத்துகிறான், அறைகிறான், கட்டாயத் தாலி கட்டுகிறான், இருபதாவது எபியில் அவளுக்குக் காதல் வந்துவிடுகிறது. இதைச் சொன்னபோது தருமபுரித் தங்கச்சி ஒருத்தி திருப்பிக் கேட்டாள்: "அவன் அடிச்சாலும் விட்டுட்டுப் போகலையேக்கா. எங்கப்பா அடிச்சிட்டு விட்டுட்டும் போயிட்டாரு." இதற்குப் பெண்ணியப் பாடநூலில் பதில் இருக்கிறது. அந்த இடத்தில் அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அடிக்காமல், விட்டுவிட்டும் போகாமல் ஒருவன் இருக்க முடியும் என்று கற்பனை செய்யக்கூட அவளுக்குக் கதை கொடுக்கவில்லையே என்ற கோபம்தான் வந்தது.

இனி சாதிக்கு வருவோம்.

இந்தக் கதைகளில் யாரும் சாதி பெயர் சொல்வதில்லை. ஆனால் 'பரம்பரை' இருக்கும். 'பெரிய வீடு' இருக்கும், பங்காளிகள் கூடும் குலதெய்வக் கோயில் இருக்கும். ஹீரோ பல நேரம் முறைமாமனாகவே இருப்பான். முறைமாமனைக் காதலித்தால் சாதிப் பிரச்சினை எப்படி வரும்? ஏழைப் பெண், அனாதைப் பெண் ஹீரோயினாக வரும் கதைகளும் உண்டு. நாங்கள் ஆவலோடு கேட்டுக்கொண்டே போவோம். கடைசி அத்தியாயங்களில் ஒரு டாலரோ பழைய போட்டோவோ வரும். அவள் இன்னொரு பெரிய வீட்டின் தொலைந்துபோன பேத்தி என்று தெரியவரும். பணத்தின் சுவரைத் தாண்டலாம், பிறப்பின் சுவரைத் தாண்டக் கூடாது. தாண்டியது போலத் தெரிந்தால் அது தாண்டலே இல்லை என்று கதையே நிரூபித்துவிடும். அண்ணல் அம்பேத்கர் 1916-ல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவராக வாசித்த கட்டுரையில் அகமணம்தான் சாதியின் சாரம் என்று காட்டினார். அந்த அகமணத்துக்கு இன்றைக்குப் பின்னணி இசை போட்டுக் காதில் ஊற்றுகிறார்கள்.

ஹீரோ எப்படி இருப்பான்? ஜீன்ஸ், கூலிங் கிளாஸ், பைக் அல்லது கார். ஹீரோயின் பார்த்ததும் மயங்குவாள். நமக்கு இன்னொரு ஞாபகம் வருகிறது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. காரணமாகச் சொல்லப்பட்டது இளவரசன், திவ்யா காதல் திருமணம். அந்த நாட்களில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் மேடையில் சொன்ன குற்றச்சாட்டும் இதேதான். ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு நம் பையன்கள் பெண்களை மயக்குகிறார்களாம். அதற்கு 'நாடகக் காதல்' என்று பெயர் வைத்தார்கள். நாவலில் ஹீரோவின் லட்சணம், நம் தெருவில் குற்றத்துக்குச் சாட்சி. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் தண்டவாளம் ஓரம் பிணமாகக் கிடந்தார். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட கவின் செல்வகணேஷ் ஐ.டி. பொறியாளர். நாவல் ஹீரோவுக்கு வேண்டிய படிப்பும் வேலையும் சம்பளமும் அவரிடம் இருந்தன. பிறப்பு மட்டும்தான் 'பொருந்தவில்லை'.

எழுத்தில் இந்தச் சாதி ஒளிந்துகொள்ள முடிகிறது. ஒலிப்புத்தகத்தில் முடியவில்லை, ஏனென்றால் வாசிப்பவர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் தேர்ந்தெடுத்தாக வேண்டும். காதலுக்கு எந்தத் தமிழ், சிரிப்புக்கு எந்தத் தமிழ் என்று அங்கேதான் முடிவாகிறது. நாங்கள் கேட்டவற்றில் எங்கள் சேரித் தமிழ் காதல் வசனம் பேசி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வாட்ச்மேன் பேசுகிறார், ஆட்டோக்காரர் பேசுகிறார், வேலைக்கார அம்மா பேசுகிறார். 'ஐ லவ் யூ' சொல்லும் உரிமை மட்டும் அந்த நாக்குக்கு இல்லை. அன்றைக்குச் சிரிக்காமல் இருந்த அந்தத் தங்கச்சி எந்தப் புத்தகமும் படிக்காமலே இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

இவ்வளவையும் அடுத்த கூட்டத்தில் சொன்னோம். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு அதே "கதையில கூடவா" தங்கச்சி சொன்னாள்: "சரிக்கா. ஆனா நீங்க குடுத்த புத்தகத்துல எல்லாரும் செத்துப்போறாங்களே."

உண்மைதான். முன்பு நாங்கள் அவர்களுக்குக் கொடுத்தவை இரண்டு. ஒன்று, பெருமாள்முருகன் இளவரசனுக்குச் சமர்ப்பித்த 'பூக்குழி'. குமரேசனும் சரோஜாவும் ஊருக்குள் வந்து, அந்த ஊர் அவளைச் சுற்றி வளைக்கும் கதை. இன்னொன்று, இமையத்தின் 'பெத்தவன்'. மகளைத் தப்பவிட்டுத் தகப்பன் தன் உயிரை விடும் கதை. இரண்டும் நாம் அவசியம் படிக்க வேண்டியவை. ஆனால் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து, விடிகாலையில் கண்ணை மூடும் இருபது வயதுப் பெண்ணின் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். காதலித்தால் சாவு என்று நாம் சொல்கிறோம். காதலித்தால் பங்களா என்று செயலி சொல்கிறது. அவள் எதைக் கேட்பாள்?

காதலித்து, கல்யாணம் முடித்து, உயிரோடு இருக்கிற கதை எங்கே, தோழர்களே? அப்படி வாழ்கிறவர்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? இந்தத் தொழிற்பேட்டையின் லைன் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையில் ஐம்பது எபிக்குத் தேவையான திருப்பம் இருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிய வேண்டுமென்றால் 30 நாள் நோட்டீஸ். அந்த 30 நாளும் அலுவலகப் பலகையில் பெயர் தொங்கும், ஊரிலிருந்து யார் வந்து பார்ப்பார்களோ என்று தூக்கம் இருக்காது. இதைவிடப் பெரிய சஸ்பென்ஸ் எந்த நாவலில் உண்டு? இருவரும் இந்துவாக இருந்தால் 1967-ல் தமிழ்நாடு சட்டமாக்கிய சுயமரியாதைத் திருமணம் இருக்கிறது. அதற்கு ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் பெயரும் இளவரசன் என்பதைப் படித்தபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது.

பிறகு வீடு தேட வேண்டும். "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று வீட்டுக்காரர் கேட்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு வேலை. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஃபாக்ஸ்கான் பாகுபாடு இல்லை என்று மறுத்தது, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அப்படியொரு செய்தி உலவும் ஊரில், தாலியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போகலாமா என்று ஒருத்தி யோசித்தால், அந்தக் காட்சியை எந்த ரொமான்ஸ் எழுத்தாளர் எழுதியிருக்கிறார்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு கலப்புத் திருமண நிதியுதவி என்று ஒரு அரசுத் திட்டம் இருக்கிறது. தாலிக்கு 8 கிராம் தங்கம், அதோடு 25,000 ரூபாய், பட்டம் அல்லது பட்டயம் முடித்தவர்களுக்கு 50,000. இதுவும் கதைக்குள் வரட்டும். கதை கேட்டு ஒருத்தி மனு போட்டால் இலக்கியத்துக்கு என்ன குறைந்துவிடும்?

சாதி ஆணவப் படுகொலைகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று நாம் தொடர்ந்து கேட்டுவருகிறோம். 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. சட்டம் வர வேண்டும், போராடுவோம். ஆனால் சட்டம் கொலையைத்தான் தண்டிக்கும். யாரைக் காதலிப்பது அழகு என்று மனதுக்குள் எழுதிவைப்பது கதைதான். அதனால்தான் தங்கச்சி, கதையிலும் சாதி பார்க்கிறோம்.

இரண்டு வாரம் கழித்து, சிரிக்காத அந்தத் தங்கச்சி எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினாள். நாலு நிமிடம். ஹாஸ்டல் மொட்டை மாடியில் பதிவு செய்தது, பின்னால் லாரி சத்தம். கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் தினமும் உட்காரும் ஒரு பெண்ணும், அதே பஸ்ஸில் ஏறும் ஒரு பையனும். அந்தப் பெண் அவள் அம்மா பேசுகிற மாதிரியே பேசுகிறாள். அடுத்த ஞாயிறு அதை அறையில் போட்டோம். கதை போட்ட தங்கச்சிதான் முதலில் கேட்டாள்: "அடுத்த எபி எப்போ?"

இன்னும் எழுதவில்லை என்கிறாள். அவனுடைய ஊர் எது என்று முடிவு செய்யவில்லையாம்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதுகிறீர்கள், கவிதை வாசிக்கிறீர்கள், நல்ல மைக் வைத்திருக்கிறீர்கள். உங்கள் ஊர்த் தமிழில், உயிரோடு முடிகிற ஒரு காதல் கதையைச் சொல்லி எங்களுக்கு அனுப்புங்கள். பிரசங்கம் வேண்டாம், அது எங்களிடமே நிறைய இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹாஸ்டல் போய்ச் சேரும் நேரத்துக்குள் முடிகிற அளவு இருந்தால் போதும்.

ஜெய்பீம்.