நெய்வேலி வழியே ஓடிய வெளியூர்க் கரி

கடலூர் துறைமுகச் சந்திப்பிலிருந்து விருத்தாசலம் செல்லும் ரயில்பாதை, குறிஞ்சிப்பாடியையும் வடலூரையும் கடந்து நெய்வேலியை அடைகிறது. தஞ்சாவூர் வழியாகச் செல்லும் பழைய பிரதானப் பாதையையும், விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியே திருச்சிக்கு நேராகச் செல்லும் ‘கார்டு லைன்’ எனப்படும் குறுக்குப் பாதையையும் இணைக்கும் இத்தடம், தண்டவாளங்களுக்கிடையே 1000 மில்லிமீட்டர் அகலமே கொண்ட மீட்டர் கேஜ் பாதையாகவே நெடுங்காலம் இருந்தது. இதில் ஓடிய பயணி வண்டிகளில் பெரும்பாலும் ஏறியவர்கள் முந்திரியும் பலாவும் கொண்டுசென்ற கிராமத்தார், வடலூர்த் தைப்பூசத்துக்குச் சென்ற கூட்டத்தார், நெய்வேலி நகரியத்துக்கு வேலைக்கு வந்த தொழிலாளர்கள் ஆகியோரே. நிலத்துக்கடியில் பழுப்பு நிலக்கரி அடுக்கடுக்காகக் கிடந்த நெய்வேலியின் வழியே சென்ற எஞ்சின்கள், சிங்கரேணியிலிருந்தும் வங்காளம், பீகார் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்தும் தருவிக்கப்பட்ட கருநிலக்கரியை எரித்துக்கொண்டுதான் ஓடின.

இதற்குக் காரணம் கரியின் இயல்பிலேயே இருக்கிறது. லிக்னைட் என்னும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறையப் பாதி ஈரம். அது காய்ந்தால் உதிர்ந்து பொடியாகும், குவித்து வைத்தால் தானே புகையத் தொடங்கும், எஞ்சினின் புகைபோக்கி இழுக்கும் காற்றுவேகத்தில் எரிந்து முடியுமுன்பே பொறியாகப் பறந்துவிடும். அதனால் அதைச் சுரங்கத்தின் வாயிலிலேயே எரித்து மின்சாரமாக்குவதே அறிவுடைமை என்று முடிவாயிற்று. 1956-இல் தொடங்கப்பட்ட நெய்வேலி லிக்னைட் நிறுவனம் 1961-இல் கரிப்படிவத்தை எட்டியது. சோவியத் ஒத்துழைப்புடன் எழுந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962-இல் இயங்கத் தொடங்கியது. கரியை உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றுப்படாமல் சுட்டெடுத்த ‘லெக்கோ’ வீட்டு அடுப்புகளுக்குப் போயிற்று. 1960-களில் தாம்பரம்–விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதை மின்மயமாகி, ஜப்பானிலிருந்து வந்த மின் எஞ்சின்கள் அங்கே ஓடத் தொடங்கிய பின்னும், மின்சாரம் பிறந்த ஊரின் சொந்தப் பாதையில் நீராவியே நீடித்தது.

எஞ்சின்களைப் பற்றி நீளப் பேசுவது ரசிகர்களின் வழக்கம். இங்கே அவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். சுதந்திரத்துக்குப் பின் மீட்டர் கேஜுக்கென வகுக்கப்பட்டவற்றில் பயணி வண்டிக்குரியது ஒய்.பி., சரக்கு வண்டிக்குரியது ஒய்.ஜி., பாரம் தாங்காத கிளைப்பாதைகளுக்குரிய இலகு எஞ்சின் ஒய்.எல். என்பவை. சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1972-இல் கடைசி நீராவி எஞ்சின் முடிந்தபோது அதுவும் ஒரு ஒய்.ஜி.தான். அதற்குப்பின் புதிய எஞ்சின் இல்லை, உதிரிப் பாகங்களும் அருகிப்போயின. டீசல் எஞ்சின்கள் முதலில் பெரிய பாதைகளுக்குப் போனதால், அங்கே கழிக்கப்பட்ட நீராவி எஞ்சின்கள் கிளைப்பாதைகளுக்கு இறங்கிவந்து, மூட்டுகளில் ஆவி கசிய, தம் கடைசிக் காலத்தை அங்கே கழித்தன.

அவற்றை ஓடவைத்தது பயர்மேன் என்னும் தீயூட்டுநரின் கையிலிருந்த ஷவல். அகன்ற இரும்புத் தகடும் குட்டையான பிடியும் கொண்ட இந்தக் கருவியைக் கையாளும் முறை கைப்பழக்கத்தில் வருவது. விருத்தாசலத்தில் காணக் கிடைத்த முதிய பயர்மேன் ஒருவர், வெறுங்கையால் அதைச் செய்துகாட்டும்போதும் இடக்காலை முன்வைத்து, இடுப்பை மட்டும் திருப்பி, மணிக்கட்டைக் கடைசி நொடியில் சுழற்றுகிறார். ஷவலின் தகடு உலைக்கதவின் ஓரத்தில் இடித்து நிற்க, கரி மட்டும் விசிறிபோல் விரிந்து விழவேண்டும் என்பதே அச்சுழற்சியின் நோக்கம். தீப்பெட்டி எனப்படும் உலையின் பின்மூலைகளில் கரி தடித்தும் நடுவில் மெலிந்தும் கிடக்கவேண்டும். ஒரே மூச்சில் பத்து ஷவல் போட்டுவிட்டு உட்கார்ந்தால் கரும்புகை கிளம்பும், ஆவி இறங்கும். நான்கைந்து போட்டு, கதவைச் சாத்தி, புகையின் நிறம் சாம்பலாக வெளுப்பதைப் பார்த்து மறுபடி போடுவதே தேர்ந்தவரின் முறை. கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் குளிர்காற்று உள்ளே புகுந்து கொதிகலனின் வெப்பத்தைத் திருடும். இவ்வளவையும் அவர் செய்வது எஞ்சினும் கரி ஏற்றிய டெண்டரும் தனித்தனியே ஆடும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே கிடக்கும் இரும்புத் தகட்டின்மேல் நின்றுகொண்டு. முகத்துக்கு முன்னால் உலை, முதுகுக்குப் பின்னால் சித்திரை வெயில்.

கரி நல்லதாக வாய்த்தால் இந்த வேலை கலை, சாம்பல் மிகுந்த கரி வந்தால் தண்டனை. சாம்பல் உருகி, கம்பித்தட்டின்மேல் கட்டியாக இறுகுவதைக் கிளிங்கர் என்பார்கள். அதை நீண்ட இரும்புக் கம்பியால் குத்தி உடைக்காவிட்டால் காற்று அடைபட்டுத் தீ மங்கும். ஒய்.பி. எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தம் நிற்கவேண்டும். அழுத்தமானியின் முள் இறங்கினால் வண்டி ஏற்றத்தில் நிற்கும், தாமதத்துக்கு விளக்கம் எழுதவேண்டியவர்களில் பயர்மேனும் ஒருவர். அதைவிடப் பெரிய பயம் தண்ணீர். கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் தவறினால், தீப்பெட்டியின் கூரையிலுள்ள ஈயச் செருகி உருகி, ஆவி பாய்ந்து தீயை அணைத்துவிடும். வெடிப்பிலிருந்து காப்பதற்கான ஏற்பாடு அது என்றாலும், செருகி உருகவிட்டவரின் பணிப்பதிவேட்டில் அந்தக் கறை நீங்குவதில்லை.

எஞ்சின் துடைக்கும் கிளீனராகச் சேர்ந்து, இரண்டாம் பயர்மேன், முதல் பயர்மேன், ஷண்டர், சரக்கு டிரைவர் எனப் படிப்படியாக ஏறிப் பயணி வண்டி டிரைவராவதற்குள் தலை நரைத்துவிடும். நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பிய ‘கால் பாய்’, டிரைவரின் கருவிப்பெட்டியைச் சுமந்த ‘பாக்ஸ் பாய்’ ஆகியோர் இந்த ஏணியின் அடியில் நின்றவர்கள். பணியேற்பிலிருந்து பணிமுடிவு வரை பத்து மணி நேரத்துக்கு மிகாமல் வேலை வேண்டும் என்ற கோரிக்கைக்காக லோகோ ஓட்டுநர்கள் 1973 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்து வாக்குறுதி பெற்றனர்; அடுத்த ஆண்டு மே 8 முதல் 27 வரை நடந்த நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் சிறையிலும் பணிநீக்கத்திலும் முடிந்தது.

பதிவேட்டில் பெயர் இருந்தவர்களுக்குச் சங்கமாவது இருந்தது. டெண்டரில் கரி ஏற்றியவர்களும், லோகோ ஷெட்டின் குழியில் இறங்கித் தணியாத சாம்பலை வாரியவர்களும் பல இடங்களில் ரயில்வேயின் ஆட்கள் அல்லர். ‘கரி, சாம்பல் கையாளுதல்’ என்ற தலைப்பில் ஒப்பந்தம் எடுத்தவரின் கூலிகள். கூடைக்கணக்கிலோ நாட்கணக்கிலோ கூலி, ஒப்பந்தம் கைமாறும்போதெல்லாம் புதிதாகத் தொடங்கும் பணிக்காலம், நுரையீரலில் படியும் தூசுக்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லாமை: நீராவி ‘மலிவு’ என்று கணக்கெழுதியவர்கள் எழுதாமல் விட்டவை இவை. கரியிலுள்ள வெப்பத்தில் நூற்றில் பத்துப் பங்கைக்கூட இழுவையாக மாற்றாத ஓர் இயந்திரம், நாளொன்றுக்கு ஓரிரு வண்டிகள் மட்டும் ஓடும் பாதையில் ஓடாத நேரத்திலும் கரி தின்றுகொண்டு, தொண்ணூறுகள் வரை நீடித்ததற்கு அதன் உறுதியைக் காரணமாகச் சொல்வது பாதி உண்மைதான். மறுபாதி, அதைத் தாங்கிய உடல்களுக்கு விலை மிகக் குறைவாக இருந்தது என்பது. நடுவில் நின்ற ஒப்பந்தக்காரருக்கோ டெண்டரில் ஏறிய ஒவ்வொரு கூடையிலும் ஒரு பங்கு இருந்தது. அவர் கரியைத் தொட்டதுமில்லை. நிரந்தரத் தொழிலாளிக்கு வட்டங்களாகப் பகுத்த நகரியத்தில் வீடும் மருத்துவமும் கொடுத்த நெய்வேலியிலும் ஒப்பந்தத் தொழிலாளரின் பணிநிரந்தரக் கோரிக்கை பல போராட்டங்களுக்குப் பின்னும் முழுதாகத் தீரவில்லை என்பதைப் பார்க்கையில், எரிபொருள் எதுவாயினும் இந்த ஏற்பாடு மாறுவதில்லை என்றே தோன்றுகிறது.

1992-இல் தொடங்கிய ஒற்றை அகலப்பாதைத் திட்டம் மீட்டர் கேஜையே அகற்றத் தொடங்கியது. பின்னர் நெய்வேலிப் பாதையும் 1676 மில்லிமீட்டர் அகலத்துக்கு மாறியது. இதற்கிடையே ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சின்கள் கிளைப்பாதைகளையும் எட்ட, பயர்மேன்கள் பயிற்சி பெற்று டீசல் உதவியாளராயினர். அந்த மாற்றத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் வசதி உட்கார இருக்கை. கரி ஏற்றிய ஒப்பந்தக் கூலிகளோ, மாற்றுப்பணி பெற எவருடைய பட்டியலிலும் இல்லை.

தமிழ்நாட்டில் இன்றும் அன்றாடப் பயணிகளை ஏற்றி நீராவி எஞ்சின் ஓடுவது மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில்தான். அங்கும் பொன்மலை ரயில்வே பணிமனை இந்நூற்றாண்டில் முதலில் செய்தளித்த எஞ்சின்கள் எண்ணெயில் எரிபவை. தீயின் அளவைத் தீர்மானிப்பது ஒரு திருகு. எனினும் 2021-இல் அதே பணிமனை, சுற்றுலாப் பயணிகள் விரும்பும் பழைய தோற்றத்துக்காக, கரியில் எரியும் எஞ்சின் ஒன்றைப் புதிதாகக் கட்டி முடித்தபோது, அதற்குத் தீயூட்ட ஷவல் பிடிக்கும் கையும் மறுபடி தேவைப்பட்டது.