ஒரகடம் பஸ்ஸில் கேட்ட செல்லோ

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலை அப்போது இத்தனை அகலம் இல்லை. வல்லம் பக்கம் வந்தால் வயலும் ஏரிக்கரையும்தான். ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில், விடியற்காலையில் கோயில் மணியோடு கம்பெனி பஸ்களின் ஹாரனும் கேட்கும். யூனிஃபார்ம் நிறத்தை வைத்தே யார் எந்த கம்பெனி என்று சொல்லிவிடுவோம். 2006இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியபின் வாடகைக்கு ரூம் கிடைப்பதே பெரும்பாடு.

எங்கள் ரூமில் ஓர் அண்ணன், திருநெல்வேலிப் பக்கத்து சர்ச்சில் வயலின் வாசித்தவர். நைட் ஷிஃப்ட் பஸ்ஸில் ஹெட்செட்டின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, "டிவோராக்குக்கு முன்னாடி இவரக் கேளு தம்பி" என்றார்.

விக்டர் ஹெர்பர்ட்டின் இரண்டாவது செல்லோ கான்செர்ட்டோ. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் செல்லோ வாசித்தவர் ஹெர்பர்ட். 1894 மார்ச்சில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் தானே வாசித்து அதை அரங்கேற்றினார். அவர் பாடம் நடத்திய இசைப்பள்ளியின் இயக்குநர்தான் இசையமைப்பாளர் டிவோராக். அவரும் கேட்க வந்திருந்தார். இசைக்குழுவில் மூன்று டிராம்போன்கள் இருந்தும் செல்லோவின் குரல் அமுங்கவில்லை. அது டிவோராக்கின் மனதில் தைத்தது. மறு ஆண்டே தன் செல்லோ கான்செர்ட்டோவை எழுதி முடித்தார். உலகம் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. ஹெர்பர்ட்டை எத்தனை பேருக்குத் தெரியும்?

இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. மூன்று பகுதிகளும் இடைவெளியின்றி ஓடும். ஒரகடம் கூட்ரோடு வருவதற்கும் அது முடிவதற்கும் சரியாக இருக்கும். அண்ணனிடம் இரண்டு பதிவுகள் இருந்தன. நெவில் மாரினர் நடத்த லின் ஹாரல் வாசித்தது ஒன்று. கர்ட் மசூர் நடத்த யோ-யோ மா வாசித்தது இன்னொன்று. அதில் வாசிப்பது அரங்கேற்றத்தில் வாசித்த அதே நியூயார்க் ஃபில்ஹார்மோனிக். மெதுவான நடுப்பகுதியை மா இழைத்து இழைத்து வாசிக்கிறார். முதல் பகுதிக்கு ஹாரல்தான். வில் நரம்பில் உராயும் சத்தமே கோபமாக வரும். பஸ் இன்ஜின் இரைச்சலையும் மீறிக் கேட்டது அந்தச் செல்லோ மட்டும்தான்.

2014 நவம்பர் 1ஆம் தேதி நோக்கியா ஆலை நின்றது. எங்கள் தெருவில் ரூம் ரூமாகக் காலியானது. அண்ணனும் ஊருக்குப் போய்விட்டார். அந்த ஆலை இருந்த இடத்தில் இப்போது சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் செய்கிறது.

டிவோராக்கைக் கேட்டு உருகுகிறவர்கள் ஒருமுறை ஹெர்பர்ட்டையும் கேளுங்கள். ஹாரல் பதிவில் தொடங்குங்கள். அதில் ஹெர்பர்ட்டின் முதல் கான்செர்ட்டோவும் சேர்ந்தே கிடைக்கும்.